பறவைக்கு யார் மாத்திரை கொடுத்தது?

போன மாதம் பம்பாய் செம்பூரில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் ஒரு பாராட்டு விழா. முதல் மாடி வெங்கட்ராமனின் பெண் ஸ்ருதி, வட துருவத்துக்குப் பக்கத்தில் போய்விட்டு வந்திருக்கிறாள். சுற்றிப் பார்க்க அல்ல, ஆராய்ச்சிக்கு. எங்கள் கட்டடத்தில் அமெரிக்கா போய் வந்தவர்களை இப்போதெல்லாம் வாட்ச்மேன்கூட விசாரிப்பதில்லை. துருவம் என்றதும் கமிட்டி கூடியது. கணபதி விழாவுக்கு வாங்கிய மைக் பரணிலிருந்து இறங்கியது. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து இட்லி வந்தது, சால்வை வந்தது. தலைமை? செக்ரட்டரி என்ற முறையில் அடியேன்தான்.

அங்கே போய் அவள் என்ன செய்தாள் தெரியுமா? கடற்காகங்களைப் பிடித்து, பஞ்சு சுற்றிய குச்சியை அவற்றின் பின்பக்கத்தில் விட்டு எடுத்தாள். இதற்குப் பெயர் பிஎச்.டி. பஞ்சில் ஒட்டிய கிருமிகளை லேபில் வளர்த்து, எந்த ஆன்டிபயாடிக்குக்குச் சாகின்றன, எதற்குச் சாகவில்லை என்று பார்த்தாளாம். திரையில் ஓர் அட்டவணை காட்டினாள். இடது பக்கம் மருந்துகளின் பெயர்கள். வலது பக்கம் எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி பணியும். ஆர் என்றால் பணியாது. ஆர் நிறையவே இருந்தது.

நான் சும்மா இருப்பேனா? கையில் மைக் வேறு.

“ஏம்மா, அங்க மெடிக்கல் ஷாப்பே கெடையாதே... அந்தப் பறவைக்கு யாரு மாத்திரை குடுத்தா?”

பார்க்கிங்கில் போட்டிருந்த நாற்பது நாற்காலிகளும் சிரித்தன. ஸ்ருதியும் சிரித்தாள். பொறுமையாகப் பதில் சொன்னாள். சில கிருமிகளுக்கு இந்த எதிர்ப்பு இயற்கையிலேயே உண்டாம். ஆனால் ஒரு கிருமி மனிதன் தயாரித்த மருந்துகளையே சமாளிக்கிறது என்றால், மனிதர்கள் இருக்கும் இடத்திலிருந்துதான் அது போயிருக்க வேண்டும் என்று சந்தேகிக்கிறார்களாம். குளிர்காலத்தில் இந்தப் பறவைகளில் சில தெற்கே வந்து, குப்பை மேட்டிலும் சாக்கடை கலக்கும் கடலோரத்திலும் மேய்ந்துவிட்டுத் திரும்புகின்றன. நம் பம்பாய்க்கும் வருகின்றனவாம். படகுத்துறையில் நின்றுகொண்டு நாம் சேவும் காட்டியாவுமாக நொறுக்குத்தீனி வீசுகிறோமே, அந்தக் கூட்டத்தில்கூட இருக்கலாமாம்.

நன்றியுரையில் விட்டேனா நான்? துருவத்துப் பறவையின் பின்பக்கத்துக்கு டாக்டர் போகிறார், எங்கள் பி விங் சாக்கடை அடைப்புக்கு ஒரு பிளம்பர் வரமாட்டேன் என்கிறான் என்றேன். அப்படியொரு கைதட்டல்! அவளுடைய ஆராய்ச்சிக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் என் மனைவி லலிதா மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போவதற்குத் தவிர அவள் கீழே இறங்குவதில்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. லிஃப்ட்? கட்டடத்தை இடித்துக் கட்டும் ரீடெவலப்மென்ட் வந்ததும் வரும் என்று பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சொல்வது யார்... செக்ரட்டரிதான். எட்டு மாதமாக அடுத்த தெருக் கோவிலுக்குக்கூட அவள் போகவில்லை. மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. புனேயில் இருக்கும் எங்கள் பெண் லீவு போட்டுவிட்டாள். நடக்க ஆரம்பித்ததும் முதலில் அந்தக் கோவில், பிறகு மாட்டுங்கா மார்க்கெட் என்று லலிதா வரிசைகூடப் போட்டு வைத்திருந்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் டாக்டர் — நல்லவேளை, மாட்டுங்காத் தமிழர் — சிறுநீர் போகும்போது எரிச்சல் உண்டா என்று கேட்டார். கொஞ்சம் உண்டு என்றாள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டுக்கு எழுதினார். மூன்று நாளில் ரிப்போர்ட் வந்தது.

இடது பக்கம் மருந்துகளின் பெயர்கள். வலது பக்கம் ஆர். அதற்குக் கீழே ஆர். அதற்குக் கீழேயும்... எங்கேயோ பார்த்த அட்டவணை.

ஆபரேஷன் கேன்சல். இந்தக் கிருமி ரத்தத்தில் ஏறிப் புது மூட்டில் போய் உட்கார்ந்துவிட்டால், வைத்த மூட்டையே கழற்ற வேண்டி வரும் என்றார் டாக்டர். முதலில் இதை ஒழிக்க வேண்டும். இதுவரை என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறீர்கள்?

லலிதா என்னைப் பார்த்தாள்.

“பேரெல்லாம் தெரியாது டாக்டர். எரியறதுன்னு சொன்னா இவர் எடுத்துக் குடுப்பார்.”

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. முப்பது வருடச் சேமிப்பு. தொண்டை, பல், வயிறு, யூரின் என்று தனித்தனிக் கவர். எல்லாம் என் கையெழுத்து. டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதுவார். இரண்டாம் நாளே சரியாகிவிடும். மீதி? டப்பாவுக்கு. அடுத்த முறை எரிச்சல் வந்தால் டாக்டரிடம் போவானேன்? அதிலிருந்து மூன்று. குறைந்தால் மெடிக்கலில் உதிரியாக இரண்டு. பேங்கில் கிளார்க்காக ரிடையர் ஆன எனக்கு எங்கள் விங்கில் ஃபேமிலி டாக்டர் அந்தஸ்து. சளிக்குக் கொடுத்திருக்கிறேன், ஜுரத்துக்குக் கொடுத்திருக்கிறேன், ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு முன்ஜாக்கிரதையாகக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

நான் பொறுப்பானவன் வேறு. தேதி முடிந்த மாத்திரைகளைக் கண்ட இடத்தில் போடுவேனா? ஒவ்வொன்றாகப் பிரித்து, டாய்லெட்டில் போட்டு, இரண்டு தடவை ஃப்ளஷ் செய்வேன். அது எங்கே போகும் என்று என்றைக்காவது யோசித்தேனா? எங்கே போகும்... சாக்கடை வழியாகக் கடலுக்குத்தான். கடலோரத்தில் யார் உட்கார்ந்திருப்பது?

டாக்டர் முன்னால் வெட்கமாக இருந்தது. வெளியே வந்ததும் பயமாக இருந்தது. அவளுடைய நல்ல காலை நான் ஒன்றும் ஒடிக்கவில்லை. ஆனால் அவளுக்குக் கிடைக்கவிருந்த காலை நான்தான் தட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கினேன். ஸ்ருதி தன் லேப்டாப்பைத் திறந்து, பறவையின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்தாள். ஐந்து மருந்துகளுக்கு நேரே இரண்டிலும் ஆர். என் மாத்திரைதானா என்று கேட்டேன்.

“அப்படிச் சொல்ல முடியாது மாமா. ப்ரூஃப் கெடையாது. உங்க டப்பா மாதிரி வீட்டுக்கு வீடு இருக்கே” என்றாள்.

விழாவில் நான் கேட்ட கேள்வியை அவள் திருப்பிக் கேட்கவே இல்லை. இந்தப் பெண்ணை நிற்க வைத்தா பிளம்பர் ஜோக் அடித்தேன்?

ரிப்போர்ட்டில் இரண்டே இரண்டு எஸ். இரண்டும் ஊசி. ஏழு நாள், தினமும் நர்சிங் ஹோமுக்குப் போய் டிரிப்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வீட்டிலேயே போடக்கூடாதா என்று கெஞ்சினேன். கிட்னியைக் கவனித்துக்கொண்டே போட வேண்டிய மருந்தாம். ஆக, படி ஏற முடியாதவளின் காலைச் சரிசெய்வதற்கு, முதலில் அவள் தினம் மூன்று மாடி இறங்கி ஏற வேண்டும். ஏற்பாடு எப்படி?

டப்பாவை என்ன செய்வது? ஃப்ளஷ் செய்தால் கடல். குப்பையில் போட்டால் வண்டி ஏறி ஏதாவது குப்பை மேடு. இரண்டு இடத்திலும் பறவை. பழைய மருந்தை வாங்கிக்கொள்ளும் இடம் எங்கே என்று ஸ்ருதி விசாரித்துக்கொண்டிருக்கிறாள். அதுவரை பீரோவிலேயே பூட்டு. நேற்று இரண்டாம் மாடி சுப்பிரமணியம் தொண்டைக்கு இரண்டு கேட்டு வந்தார். டாக்டரிடம் போங்கள் என்றேன். அடுத்த சொசைட்டி எலெக்ஷனில் எனக்கு ஒரு ஓட்டு குறைந்தது.

இன்று ஐந்தாம் நாள். ஊசி முடிந்து திரும்பினோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நான் போட்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் லலிதா உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. பேச்சை மாற்றலாமென்று, துருவத்துப் பறவைக்கும் அவளுக்கும் ரிப்போர்ட் ஒரே மாதிரி இருந்த கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“பறவைக்கென்ன... பறந்துடும்” என்றாள்.

மேலே இன்னும் பதினெட்டுப் படி இருந்தது.