செர்வா கடல் பார்க்கக் கிளம்பியது

செர்வாவின் கடையில் மீன் கல் மாதிரி இருக்கும். அட்டைப் பெட்டியில் உறைந்து வரும் கட்டியைத் தரையில் ஓங்கிப் போட்டு, இரும்புக் கம்பியால் நெம்பித்தான் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் குமாசியில், அசாஃபோ சந்தைக்குப் பின்னால், பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பிருந்தே இதைச் செய்து செய்து அவளுடைய வலது தோள் கொஞ்சம் இறங்கிப் போயிருந்தது.

புருஷன் குவமேனா கடற்கரைக்காரன். சால்ட்பாண்ட் ஊர். நெடுந்தூர பஸ் ஓட்டினவன். வாரம் முழுக்கக் கடலோரச் சாலையில் ஊர் ஜனங்களை ஏற்றி இறக்கிவிட்டு வருபவன், லீவு நாளில் எந்த வண்டியிலும் ஏற மாட்டான். கல்யாணமான புதிதில் அவள் கேட்டுப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். அவன் ஊருக்கு அவள் போகாமல் இல்லை. மாமியார் செத்ததற்குப் போனாள், பெரிய மாமா செத்ததற்குப் போனாள். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களோடு கை குலுக்கி, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். வீடுகளுக்குப் பின்னால் எங்கேயோ கடல் இரைவது மட்டும் கேட்கும்.

பிறகு ஒருநாள் காலை, சட்டை மாட்டிக்கொண்டிருந்த குவமேனா கட்டிலில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. ரத்தக் கொதிப்பு என்றார்கள். அவனைச் சால்ட்பாண்டில்தான் புதைத்தார்கள். அங்கே செத்தவன் உடம்பு அவனுடைய தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம், அதில் பெண்டாட்டிக்குப் பேச்சில்லை. முதல் வாரச் சடங்கு, அடக்கம், நாற்பதாம் நாள், வருஷம் என்று அதே சாலையில் எத்தனையோ முறை போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் கறுப்புத் துணி, ஒவ்வொரு முறையும் பின் சீட், ஒவ்வொரு முறையும் மடியில் யாரோ ஒரு கிழவியின் தலை. சன்னலில் கடல் கீற்றாகத் தெரிந்து மறையும், வண்டி நிற்காது.

வருஷம் முடிந்து, கறுப்பைக் களைந்து, துக்கம் தீர்ந்ததற்கு அடையாளமாக வெள்ளை உடுத்திக் கோயிலுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்த அடுத்த வாரம், ஒரு மீன் கட்டியை உடைத்தபோது உள்ளே பச்சையாக ஏதோ தெரிந்தது. கடல் பாசி. விரல் நீளம் இருக்கும். அதைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பனி உருகும்வரை நின்றாள். வாடிக்கையாளர் ஒருத்தி, "அக்கா, மீன் தருவியா மாட்டியா?" என்று சத்தம் போட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள்.

"நாம எல்லாரும் கடற்கரைப் பக்கம் போயிட்டு வரலாமா?"

மகன் ஃபீஃபி ஃபூஃபூக் களி உருண்டையைச் சூப்பில் தோய்த்தவன், கையை அப்படியே நிறுத்தினான். "யார் செத்தா?"

"யாரும் சாகலைடா."

"அப்ப எதுக்கு?"

செர்வா சூப் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். "சும்மாதான்" என்றாள்.

மகள் எவுராமா வங்கியில் வேலை பார்ப்பவள். எதையும் ஒரு நாளுக்குள் ஒழுங்கு பண்ணிவிடுவாள். மறுநாளே காகிதத்தில் கோடு போட்டாள். குமாசியிலிருந்து கேப் கோஸ்ட், அங்கே கோட்டை. எல்மினாவில் அதைவிடப் பழைய கோட்டை. கடலை விடாமல் பிடித்துக்கொண்டே போனால் செகோண்டி, கடைசியில் ஆக்ஸிம். கார் தாய்மாமன் அம்பொன்சாவுடையது. தையல்காரர். பேசுவதைவிட வாயில் குண்டூசி வைத்திருப்பதுதான் அதிகம்.

"எல்லாம் சரி" என்றார் அம்பொன்சா, அன்று குண்டூசி இல்லாததால். "கேப் கோஸ்ட்ல உங்க அப்பாவோட பெரியம்மா மக இருக்காளே? கோட்டையைப் பாத்துட்டு அவளைப் பாக்காம வந்தா சும்மா விடுவாளா?"

"சரி மாமா, அங்க அரை மணி நேரம்."

"எல்மினாவுல?"

"அங்க யாரு?"

"உங்க அப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுத்தவரோட குடும்பம். செகோண்டில சின்னப் பாட்டி. ஆக்ஸிம்ல..."

"மாமா, இது டூரா, ஆஜர் குடுக்கிற வேலையா?" என்றாள் எவுராமா.

"சனிக்கிழமைதான் எல்லாரும் அடக்கம் வெக்கறாங்க, அன்னிக்குப் போனா வழியில எந்த ஊர்லயும் ஒரு சாவாவது இருக்கும்" என்றான் ஃபீஃபி. "கறுப்புத் துணியும் எடுத்து வெச்சுக்கலாம். டூர் பொறப்பட்ட ஞாபகமே இருக்காது."

சிரித்தார்கள். செர்வாவும் சிரித்தாள். ஆனால் அது உண்மைதான். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்து முடித்ததும், வந்த காரியம் என்ன என்று கேட்பார்கள். கேட்காமல் இருப்பது மரியாதை இல்லை, சொல்லாமல் இருப்பதும் இல்லை. சாவு, கல்யாணம், நோய், சண்டை, ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். எங்கும் அவள் குவமேனாவின் விதவை. ஒரே ஒரு தடவை, ஒரு காரியமும் இல்லாமல், யாருடைய விதவையாகவும் இல்லாமல் அந்தச் சாலையில் போக வேண்டும். வேண்டியது அவ்வளவுதான். இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தனக்கே சரியாகத் தெரியுமா என்பதும் சந்தேகம்.

அதனால் ஒரு வழி யோசித்தாள். வீடு வீடாக ஏறி இறங்குவதற்குப் பதில், குவமேனாவின் குடும்பத் தலைவர் ஒட்டூவுக்கு முறைப்படி முன்னாலேயே தகவல் சொல்லிவிட்டால் யாரும் குறை பேச முடியாது. போனில் சொன்னால் மரியாதையாக இருக்காது. அம்பொன்சா துணி வாங்கக் கேப் கோஸ்ட் போகிறவர், சால்ட்பாண்டையும் எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும். வெறுங்கையோடு போகலாமா? இரண்டு புட்டி சீமைச் சாராயம் வாங்கிக் கொடுத்தனுப்பினாள், பெரியவர்கள் தரையில் ஊற்றிக் கும்பிடுகிற பச்சைப் புட்டி.

இரண்டாம் நாள் சாயங்காலம் நாத்தனார் ஆராபாவிடமிருந்து போன் வந்தது.

"யாருடி அவன்?"

"யாரு அண்ணி?"

"நடிக்காத. வருஷம் முடிஞ்சு வெள்ளைத் துணி அழுக்காகலை, அதுக்குள்ள ஆள் பாத்துட்டியா? சந்தைக்காரனா? ஏற்கெனவே பொண்டாட்டி இருக்கா?"

செர்வா கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள். "அண்ணி, நீங்க எந்த நம்பருக்குப் பேசறீங்க?"

"உன் நம்பருக்குத்தான்டி பேசறேன்! உன் தம்பி, உன் தாய்வழி ஆம்பளை, ரெண்டு புட்டியோட வந்து பெரியவர் முன்னாடி வெச்சான். காரியம் என்னன்னு கேட்டா, 'அக்காவே பிள்ளைங்களோட வந்து சொல்லுவா'ன்னு தலையைச் சொறியறான். நாங்க என்ன கைக்குழந்தையா? கல்யாணத்துக்கு நாங்க கொண்டுவந்த சாராயத்தைத் திருப்பிக் குடுத்து அத்துக்கிட்டுப் போறே. பெரியவர் வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூட்டியிருக்காரு. வா, வந்து வாயால சொல்லு."

போன் நின்றுவிட்டது.

அம்பொன்சாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். "என்ன சொன்னே அவங்ககிட்ட?"

"நீ என்ன சொல்லச் சொன்னே? காரியம் ஒண்ணும் இல்லைன்னே. அதைப் பெரியவங்க முன்னாடி எப்படிச் சொல்றது? பைத்தியம்னு நினைப்பாங்க. அதான் நீயே வந்து சொல்லுவேன்னு சொன்னேன்."

அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. புட்டியை அனுப்பியது அவள்தான். வருஷம் முடிந்த விதவை, தன் வீட்டு ஆண் வழியாக, புருஷன் வீட்டுக்குச் சாராயம் அனுப்பினால் வேறு என்ன அர்த்தம்? மரியாதை செய்யப் போய் இப்படி ஆகிவிட்டது.

ஃபீஃபி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கதவோரம் நின்று கேட்டான். "அம்மா, நிஜமாவே யாராவது இருக்காங்களா?"

"இல்லைடா."

"இருந்தா என்ன தப்பு?" என்றாள் எவுராமா உள்ளேயிருந்து.

"நான் உன்கிட்ட கேக்கலை."

"நான் உனக்குச் சொல்லலை. அம்மாவுக்குச் சொல்றேன்."

செர்வா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடல் பார்க்கலாமா என்று கேட்டது எங்கே, இது எங்கே? போகாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தாள். ஆனால் போகாவிட்டால், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லை என்பார்கள்.

வெள்ளிக்கிழமை கிளம்பினார்கள். யமோரான்சா கூட்டுச்சாலையில் வலதுபக்கம் திரும்பினால் கேப் கோஸ்ட், கோட்டை, கடல். அம்பொன்சா வண்டியை நிறுத்திக் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். அவள் சன்னல் கண்ணாடியை ஏற்றினாள். இடதுபக்கம், சால்ட்பாண்டுக்குத் திரும்பினார்.

ஒட்டூ பெரியவரின் முற்றத்தில் நாற்காலிகளைப் போட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். நடுவில் ஒரு முக்காலி. அதன்மேல் இரண்டு புட்டிகளும் மூடி திறக்காமல் இருந்தன. ஆராபா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் வந்தது. குடித்தார்கள். பெரியவர் தோள்துணியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "நல்லபடியா வந்தீங்களா? வந்த காரியம் என்ன?"

வழக்கப்படி பேச வேண்டியது அவள் வீட்டு ஆணான அம்பொன்சா. அவர் கனைத்தார், மறுபடி கனைத்தார், அக்காவைப் பார்த்தார்.

பெரியவர் அவளிடமே நேராகப் பேசினார். "பயப்படாதேம்மா. ஒரு வருஷம் கறுப்பு கட்டினே. எங்க பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கலை. உனக்கு இன்னும் வயசிருக்கு. வேற வீடு போனா எங்களுக்கு வருத்தம் இல்லை. ஒரு வார்த்தை சொல்லு. இதைத் திறந்து ரெண்டு சொட்டு மண்ணுல ஊத்திடறோம். அதோட நீ எங்க வீட்டு மருமக இல்லை. உன் வழியில போகலாம்."

அவர் குரல் அவ்வளவு இதமாக இருந்ததுதான் அவளைக் குழப்பியது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். கதவைத் திறந்துவைத்து, போ என்கிறார். இத்தனை நாள் விதவை விதவை என்று கூப்பிடுவதைக் கேட்டுச் சலித்துப் போனவள்தான் அவள். ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெயர் போய்விடும். போன பிறகு காலையில் கடையைத் திறக்கிறவள் யார்? சட்டையில் பாதி கை நுழைத்தபடி கட்டிலில் உட்கார்ந்தவன் அவளுக்கு யார்? 

"எனக்குத் தெரியலை மாமா" என்றாள்.

"தெரியலைன்னா?"

"நான் கடல் பாக்க வந்தேன்."

முற்றத்தில் ஒரு கிழவர் இருமினார். பக்கத்திலிருந்தவரிடம், "என்ன பாக்கவாம்?" என்றார்.

"கடலாம்."

"அதுக்கு எதுக்குச் சாராயம்? கடல் கேட்டுச்சா?"

"உங்ககிட்ட சொல்லாம இந்தப் பக்கம் வந்தா நல்லா இருக்காதேன்னு அனுப்பினேன்" என்றாள் செர்வா. சொல்லும்போது அவளுக்கே அது அபத்தமாகப் பட்டது.

"பொழப்பத்தவ" என்றாள் ஆராபா. ஆனால் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டாள்.

பெரியவர்கள் வாதாடினார்கள். புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் நாமே அவளைத் துரத்தியது போலாகும் என்றார் ஒருவர். திறந்தால் அறுத்துவிட்டது போலாகும் என்றார் இன்னொருவர். திறக்காமலே வீட்டில் வைத்திருந்தால் அது என்ன கணக்கு என்று மூன்றாமவர் கேட்டார்.  கடைசியில் ஒட்டூ எழுந்து, புட்டிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய், அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

"இங்கயே இருக்கட்டும். உனக்குத் தெரியறப்போ வந்து சொல்லு. சாராயம் ஊசிப்போகாது."

"நான் செத்த பிறகு வந்தா?" என்று கேட்டார் இருமிய கிழவர்.

"உனக்கு எப்படியும் இதுல பங்கு கிடையாது" என்றார் ஒட்டூ.

கார் கிளம்பும்போது ஆராபா சன்னலுக்குள் தலையை நீட்டினாள். "நிஜமா யாரும் இல்லையா?"

"இல்லை அண்ணி."

"இருந்தா எனக்குத்தான் முதல்ல சொல்லணும். வேற ஆள் சொல்லி நான் கேக்கக்கூடாது." சன்னலை விட்டு நகராமல் நின்றாள். பிறகு, "தண்ணியில இறங்காத. இந்த மாசம் அலை மோசம்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

கேப் கோஸ்ட் பக்கம் திரும்பி, அனோமாபுவைத் தாண்டியதும் சாலை கடலை ஒட்டி வளைந்தது. தென்னைகளுக்கு நடுவே தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. ஃபீஃபி வழியைச் சொல்லிக்கொண்டே வந்தான்: இன்னும் கொஞ்சம் தூரம், முதலில் பெரியம்மா மகள் வீடு, அப்புறம் கோட்டை.

"நிறுத்து" என்றாள் செர்வா.

அம்பொன்சா ஓரம் கட்டினார். "இங்கயா? இங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லை."

கதவைத் திறந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தாள். காற்று துணியைப் பிடித்து இழுத்தது. தண்ணீர் வந்து காலைத் தொட்டதும் பயந்து இரண்டடி பின்னால் வந்தாள். மறுபடி முன்னால் போனாள். இவ்வளவு பெரியதாக, இவ்வளவு அசைந்துகொண்டே இருக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. எதைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது என்று புரியவில்லை.

ஃபீஃபி பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, அழறியா?"

"தெரியலைடா. மூஞ்சியில தண்ணி தெறிக்குது."

மேலே சாலையிலிருந்து எவுராமா கத்தினாள். "அம்மா, நேரமாச்சு. கோட்டையை மூடிடுவாங்க."

"மூடட்டும்" என்றாள் செர்வா. காலை நீட்டி மணலில் உட்கார்ந்தாள்.

அம்பொன்சா கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எஞ்சினை அணைத்தார்.