சவிரிமுத்தர் குளிக்கப் போனது

வெயில் பட்டால் சாம்பலாகிப் போகிற துப்பறிவாளர் ஒருவர், ஒரு தவக்காலம் முழுவதும் எங்கள் குருநகர் வீட்டில் இருந்தார். வெள்ளைத் தலைமயிர், கணுக்கால்வரை கறுப்புக் கோட்டு, பட்டப்பகலிலும் விரித்த குடை. இரத்தக்காட்டேரிச் சாதி, ஆனால் நல்லவர். கொலை நடந்த இடத்துக்குப் போய், செத்தவரின் இரத்தத்தில் ஒரு துளியை நாக்கில் வைப்பார். கண் சிவக்கும். செத்தவர் கடைசியாகக் கண்டதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

பாரிசிலிருந்து வந்து நின்ற மச்சான், திரும்பிப் போகும்போது அக்காவுக்கென்று ஒரு பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதற்குள் இருந்த யப்பான் கார்ட்டூன் தொடர் அது. கதைப்பது யப்பான் மொழி, படத்தின் அடியில் ஓடுவது ஆங்கிலம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். பிறகும் நான் ஆங்கிலம் படிக்கவில்லை, ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அக்கா கெட்டிக்காரி. கட்டிலில் சாய்ந்தபடி, ரீவியில் எழுத்து வர வர, ஆளுக்கொரு குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே போவாள். யப்பான் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று துப்பறிவாளருக்குச் சவிரிமுத்தர் என்று பெயர் வைத்தாள். அவரோடு உதவிக்குத் திரியும் நீலத் தலைமயிர்ப் பெண் புளோறா. எதையும் பிழையாகவே கண்டுபிடிக்கிற மீசைக்கார இன்ஸ்பெக்டர், பேதுருப்பிள்ளை.

தவக்காலத்தில் எங்கள் வீட்டில் படம் பார்ப்பதில்லை. முதல் நாளே அம்மா அறைவாசலில் வந்து நின்றாள்.

“பெரிய வெள்ளி வருகுது, என்னடி படம்?”

“இது படமில்லை அம்மா, கீறினது.”

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். சவிரிமுத்தர் ஒரு சின்னப் போத்தலைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உவன் என்ன குடிக்கிறான்?”

“சர்பத்து.”

அம்மா சமைக்கக் குசினிக்குப் போய்விட்டாள். அக்கா சுகமாக இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும்.

அக்காவின் எலும்புக்குள் இரத்தம் ஊறவில்லை. வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அப்பா கடல்தொழில். எங்கள் கரையில் யாருக்கு இரத்தம் தேவையென்றாலும் வள்ளக்காரர்கள் போய்க் கொடுத்துவிட்டு வருவார்கள், அது கேட்டுப் பெறுகிற உதவி அல்ல. விடிய வலையோடு கரைக்கு வந்து, குளித்து, ஒரு வாய் தின்றுவிட்டு, மீன்மணம் போகாத கையோடு ஆஸ்பத்திரியில் போய் நிற்பார்கள். அப்பா தொழிலுக்குப் போகும் வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டியாரும் கொடுத்தார். அந்த இரத்தமெல்லாம் வங்கியில் சேர்ந்து யாருக்கு எது பொருந்துகிறதோ அப்படித்தான் போகும் என்று எனக்குத் தெரியாது. கொடுத்தவரின் இரத்தம் நேரே அக்காவுக்கு வருகிறது என்றே நம்பினேன். அக்காவும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், பை தொங்கி முதல் துளி இறங்கும்போது, அவள் கண்ணை மூடுவாள்.

“ஆ… இது சம்மாட்டியாற்றை. மனிசிக்கு ஒளிச்சுக் கள்ளுக் குடிச்சிருக்கிறார்.”

“மெய்யோ அக்கா?”

“பொய்யெண்டால் போய் அவரையே கேள்.”

இன்னொரு முறை கண்ணை மூடியபடியே, “இது ஆரோ கணவாய்க்கறிக்கு அலையிற ஆள். எனக்கும் இப்ப தின்னோணும் போலை கிடக்கு” என்றாள். வீட்டுக்கு வந்து உண்மையிலேயே கணவாய்க்கறி கேட்டாள். வெளுத்திருந்த உதடு சிவந்திருந்தது. இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. என் அக்கா சவிரிமுத்தரின் ஆள்.

முதலில் அது எனக்குப் பெருமையாக இருந்தது. சவிரிமுத்தரை யாரும் “உள்ளை வாங்கோ” என்று கூப்பிடாவிட்டால் அவரால் வாசல்படி தாண்ட முடியாது. கதவைத் திறந்தும் வா என்று சொல்லாதவன்தான் பல கதைகளில் கொலைகாரன். “ஏனக்கா, சும்மா உள்ளுக்குப் போனால் என்ன?” என்று கேட்டேன். “எங்கடை ஆக்களைப் போலைதான். கூப்பிடாத வீட்டுக்கு ஆர் போறது? ரோசம்” என்றாள். அதற்குப் பிறகு, அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதெல்லாம் நான் முன்னால் ஓடிப்போய்ப் படியில் நின்று “உள்ளை வாங்கோ, உள்ளை வாங்கோ” என்று கூப்பிட்டேன். கூப்பிட மறந்தால் அவள் வெளியிலேயே நின்றுவிடுவாள் என்று எனக்குப் பயம். அப்பாவின் கையில் சாய்ந்து வருகிறவள், மூச்சு வாங்கினாலும், நான் கூப்பிடும்வரை படியில் நின்று கோட்டுக் கழுத்தைச் சரிசெய்வதுபோலக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

அந்த வருடம் நான் கோயிலில் முதல் நன்மை எடுக்க, முதன்முறை நற்கருணை வாங்க, ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். ஞானோபதேச வகுப்பில் பெரிய வெள்ளியின் சுத்தபோசனம் பற்றிச் சொன்னார்கள். அன்று இறைச்சி தொட்டால் சாவான பாவம். மீன் சாப்பிடலாமோ, முட்டை சாப்பிடலாமோ என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நானும் எழும்பி, “ரத்தம், ரீச்சர்?” என்று கேட்டேன். ரீச்சர் ஆட்டு இரத்த வறையை நினைத்திருக்க வேண்டும். “ரத்தமும் இறைச்சிதானே பிள்ளை. அண்டைக்குத் தொடப்படாது” என்றார்.

அந்த முறை அக்காவுக்கு இரத்தம் ஏற்றும் நாள் பெரிய வெள்ளியில் விழுந்திருந்தது.

ஏற்றினால் நரகம். ஏற்றாவிட்டால் என்ன என்பதை அம்மாவும் அப்பாவும் குசினிக்குள் மெல்லக் கதைத்தது என் காதில் விழுந்திருந்தது. வாசல் பூட்டியிருக்கிறதா, அப்பாவின் வள்ளம் வந்துவிட்டதா என்று சும்மாவே தவிக்கிற பிள்ளை நான். இது என்னால் தூக்க முடியாத பாரமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லவும் முடியாது, சொன்னால் சர்பத்துக் கதை வெளியே வந்துவிடும். ஆகவே முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் இருந்தபோது, மனப்பாடம் செய்த தொடக்கத்தைச் சொல்லி முடித்த கையோடு ஆரம்பித்தேன்.

“என்ரை அக்கா ரத்தம் குடிக்கிறவ, பாதர்.”

கம்பிவலைக்கு அப்பாலிருந்த பாதர் காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.

“ஆற்றை ரத்தம்?”

“கனபேற்றை. சம்மாட்டியாற்றையும்.”

“பிள்ளை, நீ உன்ரை பாவத்தைச் சொல்லு. அக்கான்ரையை அக்கா வந்து சொல்லுவா.”

“அவ சொல்லமாட்டா, பாதர். அவவுக்கு இது பாவமெண்டே தெரியாது.”

பிறகு எல்லாம் கொட்டிவிட்டது. சவிரிமுத்தர், ஆஸ்பத்திரி, பை, பெரிய வெள்ளி, ஆட்டு இரத்தம். முடிந்தபின் பாதர் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“அக்கா வாயாலை எடுக்கிறவவோ, கையாலையோ?”

“கையாலை. ஊசியாலை.”

“அப்ப சுத்தபோசனம் முறியாது. வடிவா ஏத்தட்டும். நீ பயப்பிடாதை.” அவருடைய குரல் அடைத்திருந்தது. பாதருக்குத் தடிமன் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளியன்று அக்காவின் கட்டிலடியில் நின்றபோது அப்பா அதிசயமாகச் சொன்னார். “நேற்று விடிய எங்கடை பாதரும் வந்து ரத்தம் குடுத்திட்டுப் போனவராம். நாங்கள் ஒருத்தரும் அவரைக் கேக்கேல்லை. ஆர் சொன்னதோ தெரியாது.”

பாதரின் இரத்தத்துக்குள் நான் இருக்கிறேன். நான் சொன்னதெல்லாம் இருக்கிறது. பையைத் தொங்கவிட்டார்கள். அக்கா கண்ணை மூடினாள்.

“இது பாதற்றை” என்றாள். “ஐயோ, இந்த மனுசனுக்குள்ளை எவ்வளவு ரகசியம் கிடக்கு! குருநகர் முழுக்க கிடக்கு.”

“பாக்காதை, அக்கா!”

“பொறு, பொறு. ஒரு சின்னப் பெட்டை வருகுது… முழங்காலிலை இருக்குது… அழுகுது போலை…”

நான் உடைந்துபோனேன். அவள் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் இரத்தக்குழாய் ஆடியது. “பேசாமல் படும், பிள்ளை” என்று நேர்ஸ் வந்து ஏசினார். நேர்ஸ் போனபிறகும் சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

“நான் நரகத்துக்குப் போயிடுவன் எண்டே பயந்தனீ?”

“ஓம்.”

“செத்துப்போவன் எண்டு பயப்பிடேல்லையோ?”

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊசியில்லாத கையை எடுத்து அவள் என் தலையில் வைத்தாள்.

“அதுக்கும் பயந்திருப்பாய். நீ எதுக்குத்தான் பயப்பிடேல்லை.”

முன்பெல்லாம் ஒருமுறை ஏற்றினால் சில கிழமைகள் தாங்கும். அந்தமுறை உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு உதடு மறுபடி வெளுத்தது. ஒரு பகல், நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, சவிரிமுத்தரின் கடைசிக் கதையை அக்கா தனியே பார்த்து முடித்திருந்தாள். எனக்குக் கோபம் வந்து சாப்பிடமாட்டேன் என்றேன்.

“சரி, வா. உனக்கு இன்னொருக்காப் போடுறன். இப்ப எனக்குக் கதை தெரியும், இன்னும் வடிவாச் சொல்லுவன்.”

கடற்கரை. விடிவதற்கு முந்திய வெளிச்சம். ஒரு பலகை வாங்கிலில் சவிரிமுத்தரும் புளோறாவும் இருக்கிறார்கள். குடை மடித்துப் பக்கத்தில் சாய்த்திருக்கிறது. சவிரிமுத்தர் வாய் திறந்தார். அடியில் சின்னதாக ஒரு எழுத்து வந்து மறைந்தது. அக்கா படத்தை அப்படியே நிறுத்திவைத்துக்கொண்டு அவருடைய தடித்த குரலில் தொடங்கினாள்.

“இஞ்சை பார், புளோறா. கதவைப் பூட்டினதோ எண்டு ஒருக்காப் பார்த்தாக் காணும், திரும்பத் திரும்ப எழும்பிப் போகாதை. அப்பா கடலாலை வரப் பிந்தினால் படியிலை நிண்டு அழாதை, உள்ளுக்குப் போய் அம்மாவோடை கதை. அம்மா பேசாமல் இருந்தாலும் நீ கதை. ராவிலை பயமெண்டால் லைற்றைப் போட்டிட்டுப் படு, ஆரும் ஏசமாட்டினம். பேதுருப்பிள்ளை சொல்லுறதெல்லாம் நம்பாதை, அவன் ஒரு விசரன். என்ரை பங்குக் கணவாயையும் நீயே தின்.”

“அக்கா, புளோறான்ரை அப்பாவும் கடலுக்குப் போறவரோ?”

“ஓம். யப்பானிலையும் கடல் இருக்குத்தானே.”

“உந்தச் சின்ன எழுத்துக்குள்ளையோ இவ்வளவும் இருக்கு?”

“இங்கிலீசு சுருக்கமான பாசை. எங்களுக்குத்தான் கன சொல்லுத் தேவை.”

அவள் படத்தை ஓடவிட்டாள். கடலுக்குள்ளிருந்து வெளிச்சம் ஏறியது. அடுத்த காட்சியில் வாங்கிலில் கறுப்புக் கோட்டு மட்டும் கிடந்தது. ஆள் இல்லை. புளோறா அழுதுகொண்டிருந்தாள்.

“அவர் எங்கை?”

“சுகம் வந்திட்டுது. இனி வெயில் சுடாது. பின்னை என்னத்துக்குக் கோட்டு? கழட்டி வைச்சிட்டுக் கடலிலை குளிக்கப் போயிட்டார்.”

“அப்ப புளோறா ஏன் அழுகிறா?”

“சந்தோசத்திலை.”

மாரி தொடங்குவதற்கு முன் அக்கா போய்விட்டாள். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வருவதில்லை.

அண்மையில் அந்தத் தொடர் என் கைத்தொலைபேசியில் தட்டுப்பட்டது. இப்போது அடியில் தமிழ் எழுத்து ஓடுகிறது. காஸ் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து இருந்தேன். இருந்தபின் எழும்பி இன்னொருமுறையும் பார்த்துவிட்டு வந்தேன். புளோறாவுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, அவள் ஒரு விடுதியில் வளர்ந்த பிள்ளை. யாருடைய இரத்தமும் இனி அவருக்கு ஒட்டாது என்று சவிரிமுத்தருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒருமுறை சூரியனைப் பார்க்க வேண்டும் என்று அவராகவே கடற்கரைக்கு வருகிறார். வாங்கிலில் இருந்து அவர் புளோறாவிடம் கேட்பது இவ்வளவுதான்: “குளிர்கிறதா?” வேறொரு சொல்லும் இல்லை.

அன்று பகல் இதெல்லாம் எனக்குத் தெரியாது. படம் முடிந்து கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. சவிரிமுத்தர் குளித்துவிட்டு வருவார், துவாயால் தலை துவட்டுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. திடீரென்று எனக்கு உறைத்தது. பாவம், ஈரத்தோடு எங்கேயோ ஒரு வாசலில் நிற்கிறார், ஒருவரும் கூப்பிடவில்லை. எழும்பிப் போய் ரீவிக்குக் கிட்ட நின்று, கேட்கட்டும் என்று பலத்துக் கூப்பிட்டேன்.

“உள்ளை வாங்கோ!”

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துப் போர்வையை முகத்துக்கு இழுத்தாள். நித்திரை வந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, ரீவியை நிற்பாட்டிவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடப் போனேன்.