பொமரேனியனின் பட்டை

அரியலூரிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் பெரம்பலூருக்கு வரும் அறுவை டாக்டரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. எங்கள் கிளினிக்கில் மயக்கத்தில் இருக்கும் நாய்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்து எழுதுவது என் வேலை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, கறுப்பு மையில், கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதுவேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவரான அவர், "அண்ணே, கிரயப் பத்திரம் எழுதி முடிச்சிட்டீங்களா? நான் கத்தி வைக்கலாமா?" என்பார். ரத்தக் கையுறையோடு என் தாளைத் தொடுவார். வேண்டுமென்றேதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை முதலில் ஒரு பொமரேனியனுக்குப் பல் பிடுங்கினோம். அடுத்தது பாடாலூரிலிருந்து வந்த ராஜபாளையம் இனப் பெட்டை நாய். கர்ப்பப்பையில் சீழ், எடுக்காவிட்டால் செத்துவிடும். கொண்டுவந்த அம்மாள் தனியாக இருப்பவர். "கொல்லையில எனக்குத் தொணை அது ஒண்ணுதாங்க. உசுரோட குடுத்துருங்க" என்று என்னிடம்தான் சொன்னார்.

பொமரேனியனின் தாளை முடிக்க இரண்டு நிமிடம் ஆனது.

"நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள இது பாடாலூருக்கே நடந்து போயிரும்."

"எழுதாம வெட்டுற எடம் இருந்தா அங்க போங்க டாக்டர்."

அந்தக் கோபத்தோடேயே அழுத்தமானியின் பட்டையை எடுத்துப் பெட்டையின் காலில் சுற்றினேன். 118, 116, 117 என்று வந்தது. தொண்ணூறுக்குக் கீழே போனால்தான் கவலை. மூன்றையும் அழகாக எழுதினேன்.

"பிரஷர் எவ்வளவு?" வயிற்றை வெட்டத் தொடங்கியிருந்தவர் கேட்டார்.

"நூத்திப் பதினேழு."

"வெட்டுன எடத்துல ரத்தமே கசியல. தொடையில கை வச்சுப் பாருங்க."

"மெஷின் காட்டுறதத்தான் சொல்ல முடியும்."

"மெஷின யாரு கேட்டா? உங்கள கேக்கறேன்."

தொடையின் உள்பக்கம் விரல் வைத்தேன். நாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அப்போதுதான் பட்டையைப் பார்த்தேன். இரண்டு விரல் அகலம், நுனி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பொமரேனியனுக்குப் போட்டதைக் கழற்றி அப்படியே இதற்குக் கட்டியிருக்கிறேன். பெரிய காலில் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். காலின் சுற்றளவில் ஐந்தில் இரண்டு பங்கு அகலம் வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

பெரிய பட்டைக்கு மாற்றினேன். 72.

மயக்க வாயுவைக் குறைத்தேன். சலைனை வேகமாக விட்டேன். அவர் கையை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களில் இருந்தது சந்தோஷம்தான். இன்றும் அப்படித்தான் சொல்வேன். 78. 85. அடுத்தது 94. அதன் பிறகே மறுபடி வேலையைத் தொடங்கினார்.

மதியத்துக்குள் நாய் தலை தூக்கியது. அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கையெடுத்து, "சாமி மாதிரி காப்பாத்துனீங்க" என்று அழுதார்.

பின்னால் நின்ற டாக்டர், "சாமியேதாம்மா. நல்லாக் கும்புட்டுக்குங்க" என்றார்.

தவறான எண்கள் இருந்த தாளைக் கிழிக்கப் போனேன்.

"கிழிக்காதீங்கண்ணே. எல்லாம் கட்டத்துக்குள்ளதான இருக்கு."

கிழிக்கவில்லை. மூன்று எண்களுக்கும் பக்கத்தில், 'பட்டை சிறியது. அளவு தவறு. என் பிழை' என்று எழுதிக் கோப்பில் வைத்தேன். அவருக்கு நன்றி சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய், மேசையில் ஒரு லாப்ரடார். கத்தியைக் கையில் எடுக்காமல் நின்று கேட்டார்: "பட்டை யாருதுண்ணே?"

இன்றுவரை ஒவ்வொரு நாய்க்கும் கேட்கிறார். நான் நிமிர்ந்து பார்க்காமல் காலின் சுற்றளவையும் பட்டையின் அகலத்தையும் சென்டிமீட்டரில் சொல்கிறேன். சொல்லி முடிக்கும்வரை அவர் கத்தியைத் தொடுவதில்லை.