வேகமாக ஓட்டத் தெரியாத சாம்பியன்

இன்று காலை அடுக்கம் மலைச் சாலையில், என் தம்பியைப் பார்த்து ஒருவர் கேட்டார்: “அண்ணே, கொஞ்சம் வேகமா ஓட்டத் தெரியாதா?”

(முன் சீட்டில் இருந்த எனக்கு இருமல் வந்துவிட்டது.)

தம்பி அன்வர் கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறான். இன்று சவாரி, பெரியகுளத்துக்கு இறங்கும் ஒரு சென்னைத் தம்பதி. அவர்கள் சம்மதத்தோடு செண்பகனூரில் நானும் தொற்றிக்கொண்டேன்.

வளைவுக்கு வளைவு ஹார்ன். பட்டர் ஃப்ரூட் ஏற்றி வந்த ஜீப்புக்கு ஒதுங்கி நின்று வழி.

“வெரசா போயி என்னங்க பண்ணப் போறோம்? உங்க பஸ்ஸு பத்தரைக்குத்தான்” என்றான் அன்வர்.

நான் அதிகம் வாய் திறக்கிற ஆள் இல்லை. இன்று பொறுக்கவில்லை.

“இவன் மூணு வருஷம் நேஷனல் சாம்பியன்ங்க. டூரிங் கார் ரேஸ்ல.”

(ரோட்டில் ஓடும் கார்களையே ரேஸுக்கு மாற்றி ஓட்டுவார்கள். இதை எனக்கே அவன் நாலு தடவை விளக்க வேண்டியிருந்தது!)

“அக்கா, சும்மா வாக்கா.”

பின்சீட்டுக்காரர் நிமிர்ந்துவிட்டார். “டூரிங் காரா! வெளிநாட்டுல அதுல ஜெயிச்சா அடுத்த ரேஸ்ல கார்ல வெயிட் ஏத்துவாங்களே, போட்டி சமமா இருக்கணும்னு! அங்கெல்லாம் ஓட்டியிருக்கீங்களா?”

“இல்லைங்க. வாய்ப்பு வந்துச்சு. போகல.”

கியரை மாற்றினான். அந்த வாய்ப்பைக் கெடுத்தவள் நான்.

பதினெட்டு வருடம் முன்பு, இங்கிலாந்தில் ஓட்ட அழைத்து ஒரு டீம் ஒப்பந்தம் அனுப்பியது. பன்னிரண்டு பக்கம் ஆங்கிலம். வீட்டில் யூனிவர்சிட்டிக்குப் போனவள் நான் மட்டும்தான்.

அத்தா சொன்னார்: “நீ படிச்சுப் பாரும்மா. நீ சரின்னா சரி.”

அடிக்கோடு போட்டுப் படித்தேன். எட்டாம் பக்கத்தில் இருந்தது: ஜெயித்த காரில் அடுத்த போட்டிக்குக் கூடுதல் எடை ஏற்றப்படும்.

“ஜெயிச்சவனுக்கே தண்டனையா? இது ஏமாத்து வேலை. கையெழுத்துப் போடாத.”

“அங்க அது வழக்கம்க்கா. எல்லாருக்கும் உள்ள ரூல்ஸு.”

“எனக்கே சொல்லித் தர்றியா?”

அவன் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வருடம் இங்கேயும் ஸ்பான்சர்கள் போனார்கள், ரேஸும் போனது. அந்த விதி உண்மைதான் என்று எனக்குத் தெரிய வந்தபோது அவன் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தான். தெரிந்த பிறகும் அவனிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்று பெரியகுளத்தில் அவர்கள் இறங்கியதும் (அன்வரோடு செல்ஃபி வேறு, அவனுக்கு ஒரே வெட்கம்!) சொல்லிவிட்டேன்.

“அன்வரு, அந்த ஒப்பந்தத்த நான் தப்பாப் படிச்சுட்டேன்டா.”

“அன்னிக்கே தெரியும்க்கா.”

“பெறகு ஏன்டா கையெழுத்துப் போடல?”

ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “பயம். தெரியாத ஊரு, புரியாத இங்கிலீசு. தோத்துட்டு வந்து அத்தா மூஞ்சில எப்பிடி முழிக்க? நீ வேணாம்னதும், ‘அக்கா விடல’ன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டேன்.”

இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

“பயமா இருக்கான்னு நான் அன்னிக்குக் கேட்டிருந்தா?”

துடைத்த துணியை மடித்து வைத்தான்.

“போயிருப்பேன்க்கா.”

என் சோலி முடிந்து மலை ஏறும்போது, “இப்பயாச்சும் கொஞ்சம் வேகமாப் போயேன்டா” என்றேன்.

சிரித்தான். வளைவில் ஹார்ன் அடித்தான்.

ஸ்பீடோமீட்டர் முள் முப்பதைத் தாண்டவில்லை.