கடுகண்ணாவையில் அறுத்த பலகை

கடுகண்ணாவை ஏற்றம் முடிந்ததும் ஒரு தேநீர்க் கடை முன்னால் லொறியை நிறுத்துகிறேன். தேயிலைப் பெட்டி ஏற்றிய இந்தப் பழைய லொறியை நானே வீடாக்கினேன். நீர்கொழும்புக் கடலைப் பார்த்துவிட்டு, முதல் பயணம் முடித்துக் கண்டிக்குத் திரும்புகிறோம். எஞ்சினை அணைத்த பிறகுதான் பின்னால் தட்டும் சத்தம் கேட்கிறது. ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறேன். வளைவில் அலுமாரி சரிந்து, என் மனைவி ரெஜினா கட்டிலோடு ஒடுங்கிக் கிடக்கிறாள்.

“அடிவாரத்துல இருந்து கத்துறேன். உங்களுக்குக் கேக்கவே இல்லீங்க!”

கடைக்கார முஸ்லிம் நானாவும் நானுமாக அலுமாரியை இறக்குகிறோம்.

“லொறியில ஊட்டயே ஏத்தி ஈக்கிறீங்களே! இனியும் போற எண்ணம் ஈக்கா?” என்கிறார் அவர்.

ரெஜினா முந்திக்கொள்கிறாள்.

“போகாம இருப்போமா? நானா, மரம் அறுக்கிற வாள் இருந்தா குடுங்க. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற பலகைய அறுக்கணும். அலுமாரிய நீங்களே வச்சுக்குங்க.”

நானாவின் வாளால் என் ஆசனத்துக்குப் பின்னால் பெரிய ஜன்னலாகவே அறுத்துவிடுகிறோம். முன்னால் போய் எஞ்சின் கைப்பிடியைச் சுற்றி லொறியைக் கிளப்புகிறேன். பேராதனை வரும்வரை அந்த ஜன்னலில் அவள் பேச்சு ஓய்வதேயில்லை. கட்டிலை மடிக்கிற மாதிரிச் செய்யலாமாம், அடுப்பைக் கதவோரம் வைக்கலாமாம், அடுத்தது திருகோணமலையாம்!