பாத்திரம் கழுவும் பொறியும் ஆவுடைத்தாயின் தட்டும்

2024 ஜூன் 19, புதன்கிழமை. விடியலில் தொடங்கிய மழை முற்பகலிலும் விடவில்லை. கழக்கூட்டத்து நெடுஞ்சாலையில் வண்டிகள் விளக்கெரித்துக்கொண்டே ஊர்ந்தன. அந்த மழையில் நனைந்தபடி ஆவுடைத்தாய் எங்கள் அடுக்ககத்துக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். என் பக்கத்து வீடான ஜினியின் வீட்டில் அவருக்கு வேலை. அந்த வேலை நிலைக்குமா என்பது அன்று தெரிந்துவிடும்.

ஆவுடைத்தாய் சங்கரன்கோவிலுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். கணவர் வன்னியபெருமாள் கொத்தனார். கழக்கூட்டத்தில் மென்பொருள் நிறுவனங்களுக்காக மாடிகள் எழத் தொடங்கிய காலத்தில் இருவரும் இங்கே வந்தனர். கணவர் சாரத்தின் மேல் நின்று செங்கல் அடுக்க, இவர் கீழே தொழிலாளர் கொட்டகையில் அண்டாக்களைத் தேய்த்தார். கட்டடங்கள் எழுந்து முடிந்தபின், அவற்றில் பணியாற்றுவோர் குடியிருக்கும் வீடுகளில் தேய்த்தார். சென்ற ஆண்டு விரலிடுக்குகளில் தோல் வெடித்து இரத்தம் கசியத் தொடங்கியது. சோப்புத் தண்ணீரில் இனிக் கை வைக்கலாகாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்ற வீடுகளை ஒவ்வொன்றாக விட்டார். எஞ்சியது ஜினியின் வீடு மட்டுமே.

ஜினி மார்த்தாண்டத்துப் பெண். ஆவுடைத்தாயின் மீன்குழம்புக்காகவே அவரை விட மனமில்லாதவர். "நீங்க சமையல மட்டும் பாருங்கக்கா. பாத்திரத்த மெஷின் கழுவட்டும்" என்று சொல்லி, பாத்திரம் கழுவும் பொறி ஒன்றை வாங்கி வைத்தார். வந்த நாள் முதலே அது விந்தையாக நடந்துகொண்டது. தட்டுகளும் கிண்ணங்களும் பளிச்சென்று வந்தன. எவர்சில்வர் வாணலியும் குக்கரும் போன கறையோடே திரும்பின.

"அழுக்கில்லாதத நல்லா கழுவுது. அழுக்க அப்படியே விட்டுருது. இதுக்கா இவ்வளவு பெரிய பெட்டி?" என்றார் ஜினியின் கணவர் பிரஜின். பழுதுபார்ப்பவர் வந்து பார்த்தும் சரியாகாவிட்டால் பொறியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது, சமைக்கவும் கழுவவும் சேர்த்து ஓர் ஆளை வைப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். அந்த ஆளாகத் தம்மால் இருக்க இயலாது என்பதை ஆவுடைத்தாய் அறிவார்.

பழுதுபார்க்க வந்தவர் ஷாஜி, நெடுமங்காட்டுக்காரர்; பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். சுவருக்கு மறுபக்கம் என் வீட்டிலிருந்த குழாயை மூடித் திறப்பதற்காக நானும் அழைக்கப்பட்டிருந்தேன். ஷாஜி பொறியின் அடியிலிருந்து வடிகட்டியைத் திருகி எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார்.

"மேடம், இவிடே ஆரும் சாப்பிடறதில்லையோ?"

"என்ன சேட்டா இப்படிக் கேக்கிறீங்க?"

"ஃபில்டர் கண்டோ? கடையில இருந்ததுபோலே இருக்கு. ஒரு பருக்கை சோறு, ஒரு கறிவேப்பில... ஒந்நும் இல்ல."

ஜினி ஆவுடைத்தாயைப் பார்த்தார். ஆவுடைத்தாய் தரையைப் பார்த்தார்.

"தட்டையெல்லாம் கழுவிட்டுத்தாம்மா உள்ள வைக்கேன். சோப்பு தொடல. வெறுந்தண்ணியும் தேங்கா நாரும்தான். வாணலியும் குக்கரும் தேய்க்கையில கை எரிஞ்சிது. அதத்தான் அப்படியே விட்டேன்."

"அக்கா! கழுவதுக்குத்தானே மெஷின வாங்கிப் போட்டிருக்கு?"

"எச்சித் தட்ட அப்படியே அடுத்தவுக முன்னால வைக்கலாமாம்மா?"

ஷாஜி சிரித்துவிட்டார். "அடுத்தவரோ? சேச்சி, இது மெஷினாக்கும்!"

"நமக்காவ வேலை செய்யுதுல்லா? அப்பம் அதும் ஆளுதான்."

"அப்படியெங்கில் அதுக்கு ஒரு சாயாவும் கொடுக்கணுமே."

ஆவுடைத்தாய் சிரிக்கவில்லை. கொட்டகைக் காலந்தொட்டு, உண்ட தட்டைப் பிறர் கையில் அவர் கொடுத்ததே இல்லை. ஜினியின் வீட்டில் சாப்பிட்டாலும் தம் தட்டை முதலில் கழுவி, சன்னலோரம் தனியே கவிழ்த்துவிடுவார். அந்தத் தட்டு ஒரு நாளும் பொறிக்குள் போனதில்லை.

ஷாஜி அவரை அருகே அழைத்து, பொறியின் அடிப்பகுதியைக் காட்டினார். "சேச்சி, இதுக்குள்ள ஒரு கண்ணு உண்டு. தண்ணி வழியா வெளிச்சம் விட்டுப் பார்க்கும். தண்ணி கலங்கியிருந்தா, அழுக்கு நிறைய உண்டுன்னு நல்லா சூடாக்கி, நேரமெடுத்துக் கழுவும். தெளிஞ்சிருந்தா, இன்னிக்குப் பணி குறைவுன்னு சட்டுன்னு நிறுத்தும். நீங்க கழுவின தட்டைப் பார்த்து அது ஏமாந்துபோச்சு, கேட்டோ."

வாணலியில் காய்ந்து இறுகிய கறை தொடக்கத்தில் கரைவதில்லை. கழுவிய தட்டுகளிலிருந்தோ கலங்கல் வருவதில்லை. ஆகவே தெளிந்த தண்ணீரைக் கண்ட பொறி, தன் வேலை முடிந்ததென்று நம்பியிருக்கிறது.

காலையில் புட்டும் கடலையும் உண்ட தட்டுகள் அப்போதுதான் தொட்டிக்கு வந்திருந்தன. அவற்றை அப்படியே அடுக்கச் சொன்னார் ஷாஜி. ஆவுடைத்தாயின் கை இருமுறை குழாயை நோக்கிப் போய்த் திரும்பியது. "அய்ய, பாக்கவே கூசுது" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுக்கினார். முந்தைய நாளின் மீன்குழம்பு காய்ந்த வாணலியும் உள்ளே போனது. ஷாஜி கதவை மூடிப் பொத்தானை அழுத்தினார். உள்ளே மழை பெய்வதுபோல் ஓர் ஓசை எழுந்தது. வெளியே பெய்த மழைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை.

சிறிது நேரம் சென்றபின் ஷாஜி பொறியை நிறுத்திக் கதவைத் திறந்தார். ஆவி எழுந்து அடங்கியது. ஆவுடைத்தாய் குனிந்து பார்த்தார். பெட்டி நிறையத் தண்ணீர் இருக்குமென்று நாங்கள் எல்லோருமே எண்ணியிருந்தோம். அடியில் ஒரு பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தது.

"இம்புட்டுத் தண்ணியா? இதுலயா அம்புட்டையும் கழுவுது?"

"அதே தண்ணியத்தான் திரும்பத் திரும்ப மேல அடிக்கும். கடைசில அத வெளிய தள்ளி, நல்ல தண்ணி எடுத்து அலசும். மொத்தமா ஒரு குடம் மதி, அது போதும்."

துளைகளுள்ள நீண்ட கை ஒன்று தட்டுகளுக்கு அடியில் இருந்தது. ஷாஜி விரலால் தொட்டதும் அது மெல்லச் சுழன்றது. அதைச் சுழற்றுவதற்கென்று தனி மோட்டார் கிடையாதாம். துளைகள் சாய்ந்திருப்பதால், தண்ணீர் ஒரு பக்கம் பீறிடும்போது கை மறுபக்கம் தள்ளப்படுகிறது. தண்ணீரைச் சுமக்கும் கையைத் தண்ணீரே சுழற்றுகிறது! மாணவர்களுக்கு எத்தனையோ ஆண்டுகள் பாடம் சொன்ன நான், அந்தக் கையை நானும் ஒருமுறை சுழற்றிப் பார்த்தேன். ஆவுடைத்தாய் தம் வெடித்த விரலை அந்தத் துளைகளின் மேல் வைத்து, ஒவ்வொன்றாக வருடினார்.

"வலிக்காத கை" என்றார்.

கதவு மீண்டும் மூடப்பட்டது. ஷாஜி கீழ்த்தளத்தில் இன்னொரு வீட்டுக்குப் போய்வந்தார். முன்பெல்லாம் விரைவில் அடங்கிவிடும் பொறி இம்முறை நெடுநேரம் ஓடியது. அது நின்றபோது, ஆவுடைத்தாய் தாமே கதவைத் திறந்து வாணலியை எடுத்தார். துணி படாமலே தன் சூட்டில் அது உலர்ந்துகொண்டிருந்தது. வாணலியின் உட்புறத்தில் சன்னலும் சன்னலுக்கு வெளியே சாம்பல் வானமும் தெரிந்தன. அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்; முகர்ந்தார்; மீன் வாடை இல்லை.

"ஆத்தாடி" என்றார்.

ஜினி கைப்பேசியில் பிரஜினை அழைத்தார். "திருப்பிக் குடுக்கண்டாம். அக்காதான் மெஷினுக்கு வேலையே குடுக்காம வச்சிருந்தாங்க!"

ஆவணி பிறப்பதற்குள் ஆவுடைத்தாயின் விரல்களில் வெடிப்பு மூடியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல் என்னையும் அவ்வீட்டில் உணவுக்கு அழைத்திருந்தார்கள். பரிமாறி முடித்த ஆவுடைத்தாய்க்குத் தாமே சோறு போட எழுந்த ஜினி, சன்னலோரத்தைப் பார்த்தார். வழக்கமாகத் தட்டு கவிழ்ந்திருக்கும் இடம் வெறுமையாக இருந்தது.

"அக்கா, உங்க தட்டு எங்க?"

"காலையில சாப்பிட்டத மெஷின்ல வச்சிட்டேம்மா."