எண்ணெய் வைத்ததோடு நின்ற கதை

தாயில்பட்டி செல்லச்சாமிக்கு நாலும் பெண். மூத்தவள் ராமுத்தாய், அச்சங்குளத்து ஒச்சப்பனுக்கு வாக்கப்பட்டு வந்தாள். ஒச்சப்பனின் அக்கா முருகம்மாள் உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு வாக்கில் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே தீப்பெட்டி ஆபீஸுக்குச் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருவார்கள்.

பள்ளம் வெட்டிய கட்டைகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்குகிற வேலை. கை ஓடும், வாய் சும்மா கிடக்கும். அதனால் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கதை சொல்கிறவளுக்குக் கை தடுமாறும் என்று, கேட்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அவள் கட்டையையும் அடுக்கிக் கொடுப்பார்கள். கதை பிடிக்காவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவள் கட்டை காலியாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

ஆட்டைத் தொலைத்தவள், மழைக்குக் காத்திருந்தவன் என்று ராமுத்தாய் தானே கட்டிச் சொல்லும் கதைகளை ஆசையாகத்தான் கேட்டார்கள், பக்கத்தில் டூரிங் சினிமாக் கொட்டகை வருகிற வரைக்கும். பிறகு கூட வேலை செய்த பொன்னுத்தங்கம் காட்டில் மழை. பார்த்த படத்தை மறுநாள் பாட்டோடு சொல்லுவாள். வாள் சண்டை, மாறுவேடம், கடைசியில் கல்யாணம்.

ராமுத்தாயும் ஒரு ராஜாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவன் இளவரசியைத் தேடித் தீப்பந்தத்தோடு வைக்கோல் கொட்டகைக்குள் நுழைந்தான்.

“ஏட்டி, மொதல்ல பந்தத்த வெளிய வச்சிட்டு வரச் சொல்லு” என்று அத்தனை பேரும் பதறினார்கள். ராஜா வைத்துவிட்டு வந்தான். இருட்டில் இளவரசியைக் காணோம். ஒரே சிரிப்பு. கட்டையும் நிறைந்தது. ஆனால் ராமுத்தாய்க்கு இரவல் சேலையோடு கல்யாண வீட்டில் நின்ற மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் தன் கதையையே எடுத்தாள். புகுந்த வீட்டில் ஒரு சொல் பொறுக்காத பெண், இருக்கன்குடி கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தாய் வீட்டுக்குப் போகிறாள். ஏன் வந்தாய் என்று தாய் கேட்கவில்லை. கொண்டையை அவிழ்த்து எண்ணெய் வைத்துச் சிக்கெடுக்கிறாள்.

“அப்புறம்?” என்றாள் பொன்னுத்தங்கம்.

“அம்புட்டுத்தான்.”

முருகம்மாளுக்கு முகம் கறுத்தது. “அது எந்த வீடுட்டி? நாத்தனா இருக்காளா அதுல?”

“இருக்கா மதினி. நல்லவதான்.”

அன்று ராமுத்தாய் கட்டையை யாரும் தொடவில்லை. திரும்பும்போது பொன்னுத்தங்கம் நல்ல மனசோடுதான் சொன்னாள்: “அவளக் கூட்டிட்டுப் போக மாப்பிள்ளைய ஒரு வில்லு வண்டியில ஏத்தி விடு தாயி. எல்லாருக்கும் மனசு குளுந்துரும். இல்லன்னா இனி ஒங்கதைய ஆரு கேப்பா?”

ராமுத்தாய் வழியெல்லாம் யோசித்தாள். வண்டி வந்தால் தாய் எழுந்து வாசலுக்குப் போக வேண்டும். பாதிச் சிக்கோடு பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவாள்? வண்டியை வர விடவில்லை.

மறுநாள் பேச்சை எடுத்தது முருகம்மாள்தான். “அவ திரும்பிப் போயிருப்பா. நாத்தனா நல்லவள்ல.”

“எண்ணெ வச்ச கைய விட்டுட்டு எவ போவா?” என்றாள் பக்கத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த வேலுத்தாய்.

போனாள், போகவில்லை என்று ஆபீஸே இரண்டானது. குச்சி அப்படியே கிடந்தது. கணக்கப்பிள்ளை சங்கரபாண்டியன் வந்து விஷயத்தைக் கேட்டார்.

“ராமுத்தாயி, போனாளா இல்லையான்னு சொல்லி முடிச்சிரு. லோடு நிக்கு.”

“நான் நேத்தே முடிச்சிட்டேன் அண்ணாச்சி. அவுகதான் முடிக்க மாட்டேங்காக.”

சங்கரபாண்டியன் பென்சிலைக் காதில் செருகினார். “போயிருக்க மாட்டா” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

“அவுகளுக்கு என்ன தெரியும்” என்று முருகம்மாள் மறுபடி ஆரம்பித்தாள்.